சிக்னல் கொடுத்த கிளி

சிக்னல்காரர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு சத்தியம்தான் செய்திருந்தார். அதை நாலு தடவை செய்திருந்தார்.

இனிமேல் சிகரெட்டைத் தொடுவதில்லை என்பதுதான் அது. முதல் மூன்று தடவை மாட்டியபோது மனைவி கத்தித் தீர்த்தாள். நாலாவது தடவை கத்தவில்லை. 

"இன்னொரு தடவை கையும் களவுமா பிடிச்சேன்னு வைங்க," என்றாள் துணி மடித்துக்கொண்டே. "எங்கக்காவைக் கூட்டிட்டு வந்து இங்கேயே வெச்சுக்குவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா?" என்று சிரித்தாள்.

அக்கா, முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். போன தடவை பதினைந்து நாள் தங்கினார். அந்தப் பதினைந்து நாளும் சிக்னல்காரர் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்டார். இரண்டு தும்மலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவை இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அந்த அம்மாள் அறைக்குள் நுழைந்தால் சுவர்க்கடிகாரமே ஒரு விநாடி நின்று, எழுந்து மரியாதை செய்துவிட்டுத்தான் ஓடும்.

அதற்காக சிகரெட்டை விட்டுவிட முடியுமா? இருபத்தாறு வருஷமாக ரயில்வே கேபினில் நெம்புகோல் இழுத்து சிக்னல் போடுகிற மனுஷர். மூன்று மணிக்கு வீடு திரும்புவார். மனைவி தையல் வகுப்பு எடுக்கக் கிளம்பிப் போவாள். போவது பிரச்சினையில்லை. திரும்புவதுதான். ஐந்துக்கும் வருவாள், மூன்றே முக்காலுக்கும் வருவாள். அட்டவணையில் அடங்காத வண்டி.

வண்டி எப்போது வருமென்று தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? சிக்னல் வைக்க வேண்டும்!

மறுநாளே ஒரு கிளியோடு வந்து நின்றார்.

"உனக்குத் துணைக்கும்மா."

கல்யாணமான நாளாக ஒரு ஊக்குகூட வாங்கித் தராதவர். மனைவி கிளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "அழகா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

கேட்டைப் பார்த்தபடி கூண்டை வராந்தாவில் மாட்டினார். அப்போது தையல் வகுப்புக்கு இரண்டு வாரம் விடுமுறை. அவர் வீடு திரும்பியபின், மூன்று மணிக்கு மேல் மனைவி ஒரு மணி நேரம் கண்ணயர்வாள். அந்த ஒரு மணி நேரம்தான் பாடசாலை.

மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வார். அவளுடைய சிவப்புக் குடையை விரித்துக்கொள்வார். கேட்டைத் திறந்து உள்ளே வருவார். கிளியின் காதோரம், "வண்டி வருது! வண்டி வருது!" என்று கிசுகிசுப்பார். ஒரு வேர்க்கடலை. திரும்ப வெளியே போவார், தாழ்ப்பாளைப் போடுவார், பாதை காலி என்பதற்கு "லைன் கிளியர்!" இன்னொரு வேர்க்கடலை. ஒரு மணி நேரத்தில் அறுபது நடை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டால் போதும், குடையை மடக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார்.

எதிர்வீட்டுக் கம்பவுண்டர் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன சார், உள்ளே போறீங்களா, வெளியே வர்றீங்களா?"

"கேட்டுக்கு எண்ணெய் விட்டேன். சரியா ஆடுதான்னு பாக்கறேன்."

"அதுக்குக் கைப்பை எதுக்கு?"

"ஒரு கனத்துக்கு."

"குடை?"

"வெயிலுக்கு."

"நாலு நாளா மூட்டம் போட்டிருக்கே சார்!"

விடுமுறை முடிந்தது. முதல் நாள் சிக்னல்காரர் உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். குடை வெளியே போயிற்று. தாழ்ப்பாள் விழுந்தது. வராந்தாவிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் குரலில் "லைன் கிளியர்!" என்று ஒரு கத்தல். கொல்லைக்கு ஓடி, துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் நின்று பற்ற வைத்தார். பாதிகூட ஆகவில்லை.

"வண்டி வருது! வண்டி வருது!"

அணைத்தார். வாய் கொப்பளித்தார். ஏலக்காயைப் போட்டார். மனைவி உள்ளே வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாக இருந்தாலும் பேப்பர் பேப்பர்தானே.

"கத்தரிக்கோலை மறந்துட்டுப் போயிட்டேன்," என்றாள். பிறகு, "அது ஏங்க, என்னைக் கண்டா வண்டி வருதுங்குது? நான் என்ன கூட்ஸ் வண்டியா?"

"சேச்சே! உன்னைப் பாத்த சந்தோஷம்மா அதுக்கு."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"நானா? எனக்கு எங்கே நேரம்?"

"அதானே," என்றாள். "கம்பவுண்டர்கூடச் சொன்னார், பாவம் உங்களுக்குக் கேட்டைத் திறந்து மூடவே நேரம் போதலைன்னு."

அவர் பேப்பரை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கேட்கவில்லை. சிக்னல்காரருக்குத் தைரியம் வந்தது. ஒன்று இரண்டானது. இரண்டு மூன்றானது. கேபினில் அவர் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: சிக்னல் விழுந்தபின் எட்டிப் பார்ப்பது தொழிலுக்கு அவமானம். வீட்டிலும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மூன்றேகால் மணி. "நான் கிளம்பறேங்க," என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. கேட் திறந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"லைன் கிளியர்!"

கொல்லைக்குப் போனார். கொடியில் பெரிய போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பற்ற வைத்தார். கண்ணை மூடி, நுரையீரலின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பிக்கொண்டார். வாயைக் குவித்துப் போர்வையைப் பார்த்து ஊதினார்.

போர்வை இருமியது.

சிக்னல்காரர் சிலையானார். போர்வை மெல்ல விலகியது. அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ... நீ போயிட்டியே!"

"நான் கேட் பக்கமே போகலை. வீட்டோரச் சந்து வழியா இப்படி வந்தேன்."

"கிளி லைன் கிளியர்னு சொல்லுச்சே!"

"அதுக்கு என்னங்க தெரியும்? நீங்க அதுக்குப் பொண்டாட்டியைக் காட்டிப் பழக்கலை. பையையும் குடையையும் காட்டித்தானே பழக்கினீங்க?"

சிகரெட் விரலைச் சுட்டது. அதை உதறக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்படின்னா... பையை மாட்டிக்கிட்டு, குடையைப் பிடிச்சுக்கிட்டு, இப்ப வெளியே போனது யாரு?"

மனைவி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எங்கக்கா. மத்தியானமே வந்து உள்ரூம்ல படுத்திருந்தா. இப்ப கட்டில் வாங்கப் போயிருக்கா."