நூற்று நாற்பது அடிச் சரித்திரம்

“சார், முக்கால்வாசிச் சுவர் முடிஞ்சுபோச்சு. உங்க சரித்திரம் இன்னும் ஆயிரத்து ஐந்நூறைக்கூடத் தொடலை.”

ஏணியின் உச்சியில் நின்று பெயிண்டர் இப்படிச் சொன்னபோது, வரலாற்றுத் துறைத்தலைவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் கயிற்றில் போடும் பதினோராவது முடிச்சு சுவரில் சரியாக வந்திருக்கிறதா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரித்திரம்னா அப்படித்தான்யா. அவசரப்படாது” என்றார்.

சரித்திரம் அவசரப்படாமல் இருக்கலாம். ஆய்வுக் குழு வெள்ளிக்கிழமை காலை வந்துவிடும். அன்று புதன்கிழமை.

இந்தக் கல்லூரிக்கு வரலாற்றுத் துறை என்று ஒன்று தேவைதானா என்று முடிவுசெய்ய மூன்று பேர் வருகிறார்கள். தேவையில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், துறையை மூடி, அதன் இரண்டு வகுப்பறைகளையும் தலைவரையும் வணிகவியலோடு சேர்த்துவிடுவார்கள். வகுப்பறைகளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. தலைவருக்குத்தான் உயிர்போகிற விஷயம். இருபத்தாறு வருஷம் தலைவர் நாற்காலியில் சாய்ந்து பழகிய முதுகு, இனி அரைநாள் விடுப்புக்கு வணிகவியல் துறைத்தலைவியின் மேஜை முன்னால் வளைந்து நிற்க வேண்டும். அந்த அம்மாள் இப்போதே கையில் அளவு நாடாவோடு வராந்தாவில் உலாத்த ஆரம்பித்துவிட்டார்.

குழு கேட்டிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்தத் துறையில் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல். வேறு எந்தத் துறையாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நம்மவருக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. வகுப்பில் நுழைந்ததும் நோட்டைப் பிரிப்பார், மணி அடித்ததும் மூடுவார், நடுவில் தலை நிமிர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. பாடத்தின் பெயர் என்னவோ ‘உலக வரலாறு: இடைக்காலத்தின் இறுதி முதல் நவீன காலம் வரை’. ஆனால் ஒவ்வொரு வருஷமும் பிரெஞ்சுப் புரட்சி வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். “மீதியை வீட்டுல படிச்சுக்கங்க” என்று நோட்டை மூடிவிடுவார்.

ஆகவே பட்டியலுக்குப் பதிலாக அவர் ஒரு சுவரைத் தருவதென்று முடிவுசெய்தார். ஆயிரத்து முந்நூறில் இருந்து இரண்டாயிரம் வரை, எழுநூறு வருஷம், வராந்தா முழுக்க.

“சுவரை யார் சார் கேட்டா? பட்டியல்தானே கேட்டிருக்காங்க?” என்று முதல்வர் சொல்லிப் பார்த்தார்.

“பட்டியலை எவன் வேணா குடுப்பான் சார். சுவரை யார் குடுப்பா?”

முதல்வருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் ஏன் முதல்வராக இருக்கிறார்.

வராந்தா நூற்று நாற்பது அடி. ஐந்து வருஷத்துக்கு ஓர் அடி என்று பிரித்தால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அந்தக் கணக்கைத் துறைத்தலைவர்தான் போட்டார். போட்ட கணக்கை முதல் நாளே மறந்தவரும் அவர்தான். கொள்ளைநோய் என்றதும் உற்சாகம் பொங்கி, எலி, மூட்டை, வண்டி என்று முப்பத்தைந்து அடியைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்து நூறு வருஷப் போர்.

“இதுக்கு இருபது அடி” என்றார்.

பெயிண்டர் அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தான். “1337ல இருந்து 1453ன்னு போட்டிருக்கீங்க. கழிச்சா நூத்திப் பதினாறு வருது சார். இருபத்திமூணு அடி.”

“பேரே நூறு வருஷப் போர். மேல பதினாறு உனக்கு எதுக்குய்யா? சரித்திரத்துல உன் கணக்கையெல்லாம் கொண்டுவராதே.”

அதற்கப்புறம் வந்தது கயிறு. துறைத்தலைவர் டாக்டர் பட்டம் வாங்கியது பதினைந்தாம் நூற்றாண்டுக் கப்பல் கயிறுகளைப் பற்றி. நானூறு பக்க ஆராய்ச்சி. அவர் மனைவிகூடப் படித்ததில்லை. இந்தச் சுவரை விட்டால் உலகத்துக்கு அதை எடுத்துச் சொல்ல வேறு வழி கிடையாது. ஐம்பது அடி முழுக்கக் கயிறும் முடிச்சுமாக நெளிந்தது. கப்பல் ஒன்றுகூட இல்லை. கப்பல் வரைந்தால் கயிறு மறைந்துவிடுமாம்.

ஆக, நூற்றைந்து அடி போயிற்று. ஐந்நூறு வருஷம் பாக்கி. முப்பத்தைந்து அடி பாக்கி. வீட்டில் போய்ப் படித்துக்கொள் என்று சுவரிடம் சொல்ல முடியாது.

“கயிறைக் கொஞ்சம் அழிச்சிடலாமா சார்?” என்றான் பெயிண்டர்.

“கை வச்சே, கையை முறிச்சிடுவேன். எழுத்தைச் சின்னதா எழுது.”

சின்னதாக எழுதினான். மாலைக்குள் இரண்டு நூற்றாண்டுகள் எறும்பு ஊர்ந்த மாதிரி சுவரில் ஏறின. முதல்வர் பார்க்க வந்தார். படிக்க முடியவில்லை. இன்னும் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைச் சுவரோடு வைத்தார். பெயிண்ட் காயவில்லை. மதச் சீர்திருத்தம் மொத்தமும் அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

“இதைத்தான் குழுவும் பண்ணணுமா?” என்று கேட்டுவிட்டு அவர் கைக்குட்டையால் தேய்க்க, கன்னத்துக்கும் பரவியது.

வியாழக்கிழமை காலை துறைத்தலைவர் புது யோசனையோடு வந்தார். “மேல் வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை. அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்குத் திரும்பி வரட்டும்.”

“திரும்பி வந்தா வருஷம் பின்னாடி போகுமே சார்? படிக்கிறவன் பின்னாலயே நடந்து வரணும்.”

“படிச்சவனுக்குப் புரியும். நீ எழுது.”

ஒன்பது மணிக்கு எழுதினான். பத்து மணிக்கு, படித்துக்கொண்டே பின்னால் நடந்த ஒரு மாணவியும் முன்னால் நடந்த ஒரு மாணவனும் மோதி, அவள் வண்ண டப்பாவில் காலை விட்டாள். இடமிருந்து வலமாகப் பார்த்தவர்களுக்கு இன்னும் விசேஷம். முதலில் குண்டு விழுந்தது, அப்புறம் போர் ஆரம்பித்தது. ராஜாவுக்குத் தலை போனது, அப்புறம் கிரீடம் வைத்துக்கொண்டார்.

கீழ் வரிசையை அழித்தார்கள். சுவர் போதாவிட்டால் என்ன, மூலை திரும்பினால் முதல்வர் அறைச் சுவர் சும்மாதானே கிடக்கிறது? பிரெஞ்சுப் புரட்சியைத் துறைத்தலைவர் அங்கே கொண்டுபோனார். தலைவெட்டும் இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்து வரையச் சொன்னார். பதினொன்றரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த முதல்வர், தன் பெயர்ப்பலகைக்கு நேர் மேலே கத்தி ஒன்று பளபளவென்று தொங்குவதைப் பார்த்தார்.

“என்ன சார் இது? என் பேருக்கு மேலயே கத்தியா?”

“அது பதினாறாம் லூயிக்கு சார்.”

“லூயிக்குன்னா லூயி வீட்டுல போய் மாட்டுங்க!”

கத்தியையும் அழித்தார்கள். மூலைக்கு அந்தப் பக்கம் மிஞ்சியது கழிவறைச் சுவர் ஒன்றுதான். முதல் உலகப் போர் ஆண்கள் பக்கம், இரண்டாம் உலகப் போர் பெண்கள் பக்கம் என்று ஒதுக்கினார். பத்து நிமிஷத்தில் வணிகவியல் துறைத்தலைவி வந்து நின்றார். பின்னால் வரிசையாக இருபது மாணவிகள்.

“ஏன் சார், நாங்க உள்ளே போகணும்னா உங்க போர்முனையைத் தாண்டித்தான் போகணுமா? அவன் பாட்டுக்கு வாசல்ல ஏணியைப் போட்டு உட்கார்ந்திருக்கான்.”

“கொஞ்ச நேரம் பொறுங்கம்மா. நேச நாடுகள் ஜெயிக்கிற கட்டத்துல இருக்கு.”

“எங்களால அதுவரைக்கும் பொறுக்க முடியாது சார்.”

இருபது மாணவிகளும் சிரித்தார்கள். துறைத்தலைவருக்குக் காது சூடேறியது. அந்த அம்மாள் போகிற போக்கில் அவருடைய அறை வாசலில் நாடாவை நீட்டி அளந்துவிட்டு, “என் பீரோ தாராளமா போகும்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். அதுதான் அவரை அடியோடு சாய்த்துவிட்டது. கடைத்தெருவில் விற்கிற மலிவான கைடு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பெயிண்டரின் மடியில் போட்டார்.

“என்னமோ எழுதித் தொலை. இதைப் பார்த்து அப்படியே காப்பி அடி. மூளையை உபயோகிச்சுடாதே.”

“அளவு சார்?”

“அதான் முதல் நாளே சொன்னேனே! அஞ்சு வருஷத்துக்கு ஒரு அடி. ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொல்றது உங்களுக்கெல்லாம்?”

தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் கால் வைத்த துறைத்தலைவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. எலி இல்லை, மூட்டை இல்லை. ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு ஒரே ஒரு கறுப்புக் கோடு. அடிக்கு ஒரு சின்ன வெட்டு. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அங்கங்கே ஒவ்வொரு வரி. கதவு வந்த இடத்தில் கோடு நிலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அவருடைய ஐம்பது அடிக் கயிறு? தேடினார். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று இரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், கட்டைவிரல் அளவுக்கு, ‘கப்பல் கயிறும் பாயும் தேறின’ என்று கிடந்தது.

“அடப்பாவி! என் கயிறு எங்கடா?”

“நீங்க சொன்ன அளவுக்கு அவ்வளவுதான் சார் வந்தது” என்றான் பெயிண்டர், ஏணியில் உட்கார்ந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

அவன் சட்டையைப் பிடிக்கக் கை போனது. அதற்குள் குழு படியேறிவிட்டது.

குழுத் தலைவி ஒல்லியான, பேச்சைச் செலவழிக்காத அம்மாள். மற்ற இரண்டு பேரும் அவர் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். துறைத்தலைவர் வரவேற்புரையைத் தொடங்கினார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சுவரோடு நடந்தார். ஒரு வரி விடாமல் படித்தார். கடைசியில், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் நின்றுவிட்டார். அங்கே ஒன்றுமே எழுதவில்லை. நாலடி வெறும் வெள்ளை. நடுவில் மட்டும் பொடி எழுத்தில், ‘இனி வராது என்று நினைத்தார்கள்.’

அந்த அம்மாள் அந்த நாலடியை நாலு எட்டில் நடந்து பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை நடந்தார்.

“இருபது வருஷம்னு எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். இவ்வளவுதானான்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். “யார் செஞ்சது இது?”

வணிகவியல் துறைத்தலைவியின் கையிலிருந்த நாடா லேசாகத் தொங்கியது. துறைத்தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் முன்பு யார் சட்டையைப் பிடிக்கப் போனோம் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

“நான்தான் மேடம். இருபத்தாறு வருஷ அனுபவம்.”

“இவர்?” என்று அந்த அம்மாள் ஏணியைக் காட்டினார்.

“அவன் சும்மா பெயிண்டர் மேடம். சொன்னதை எழுதுவான். ஆயிரத்து முந்நூறுக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் வித்தியாசம் தெரியாது. கூட நின்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுக்க வேண்டியதா போச்சு.”

பெயிண்டர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நல்லது. சுவர் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா சுவருக்காக ஒரு துறையை வச்சிருக்க முடியாது.” அந்த அம்மாள் கோப்பைத் திறந்தார். “நாங்க கேட்ட பட்டியல் வரவே இல்லையே? உங்ககிட்ட படிச்சவங்கல்லாம் எங்கே இருக்காங்க?”

“உலகம் பூரா இருக்காங்க மேடம்.”

“சந்தோஷம். ஒருத்தர் பேர் சொல்லுங்க.”

துறைத்தலைவர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“பெரிய ஆளா இருக்கணும்னு இல்லை சார். உங்க துறையில படிச்சு, படிச்ச படிப்பால ஒரு வேலை கிடைச்சவங்க. ஒரே ஒருத்தர். இருந்தா துறை இருக்கட்டும்னு இப்பவே எழுதிடறேன்.”

துறைத்தலைவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தரையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ நூறு பேர் எதிரே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள், ஒரு முகமாவது ஞாபகத்துக்கு வர வேண்டுமே! வரவில்லை. முதல் தடவையாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. வணிகவியல் துறைத்தலைவியின் நாடா சர்ரென்று நீளும் சத்தம் கேட்டது. குழுத் தலைவி பேனாவின் மூடியைத் திறந்தார்.

ஏணியின் மேலிருந்து பெயிண்டர் தொண்டையைச் செருமினான்.

“என் பேரை எழுதிக்கங்க மேடம். ஆறு வருஷத்துக்கு முந்தி இந்தத் துறையில முதல் மார்க் வாங்கினவன் நான்தான், சரித்திரம் படிச்சதுக்கு எனக்குக் கிடைச்ச முதல் வேலை இந்தச் சுவர்தான்.”