ஒசாகாவில் இரண்டு பெட்ஸ்பேஸ்

தேரா, துபாய்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மீராசா மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ருக்கையாவின் மாப்பிள்ளை கௌஸ் முகைதீன் சலாம் சொல்லி எழுதுவது. தாங்களும், மச்சியும், தங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் ஹிஃப்ஸாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் ருக்கையாவும் நலம். தனித்தனியாக நலம். ஒசாகாவிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகிறது, தங்கள் தங்கை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஊருக்கு ஃபிளைட். அதற்குள் தாங்கள்தான் எடுத்துச் சொல்லிப் பேசவைக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், வாட்ஸப்பில் எழுதினால் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் நாளை இரவு லீவில் ஊருக்கு வரும் ஆரிப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் கஞ்சன் இல்லை மச்சான். இருபத்தாறு வருஷமாக பெட்ஸ்பேஸ் என்று கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துப் படுக்கிறவன், எதை எங்கே சுருக்கலாம் என்று தெரிந்தவன், அவ்வளவுதான். விசிட் விசாவில் வந்தவள் சும்மா இருந்தாளா? "நீங்க இருக்குற ஊரும் வேணாம், நான் இருக்குற ஊரும் வேணாம். ரெண்டு பேரும் பாக்காத ஊரு ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வாரம் சேந்து இருப்போம்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒசாகாவுக்கு ஆஃபர் டிக்கெட் வந்தது. என் ரூம்காரன் ராஜிக், "காக்கா, ஜப்பான்ல தண்ணி குடிக்கவே நம்ம சம்பளம் பத்தாது" என்று சிரித்தான். விடுவேனா? கௌஸ் முகைதீன் இறங்கினால் இறங்கியதுதான். பக்கத்துப் பக்கத்து சீட்டுக்குத் தனிக் காசு கேட்டார்கள். எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் எல்லோரும் ஒன்றாகத்தானே இறங்கப் போகிறோம், மாஃபி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பதினாலாவது வரிசை, எனக்கு முப்பத்தொன்று. பாத்ரூம் போகும்போதெல்லாம் கையாட்டினேன், இல்லையென்று அவளால் சொல்ல முடியாது.

ரைஸ் குக்கரையும் மாசிச் சம்பலையும் அட்டைப்பெட்டியில் வைத்து, ஊருக்குப் போவதுபோல நாலு பக்கமும் பெயர் எழுதி, ராஜிக் நீலக் கயிறு போட்டு இறுக்கியிருந்தான். ஒசாகா ஏர்போர்ட்டில் ஆபீசர் திறக்கச் சொன்னார். ராஜிக் போட்ட முடிச்சை ராஜிக்காலேயே அவிழ்க்க முடியாது. வெட்டுங்கள் என்று சைகை காட்டினேன். அந்த மனுஷன் வெட்டவில்லை. கால் மணி நேரம் குனிந்து அவிழ்த்து, சம்பலை மோந்து பார்த்து, ராஜிக்கைவிட அழகாகத் திரும்பக் கட்டிக் கொடுத்துக் குனிந்து வணக்கமும் வைத்தார். எங்கள் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

இனிமேல்தான் விஷயம். ஹோட்டல் தேடும்போது கை தானாக மலிவான கட்டிலைத்தான் தேடியது மச்சான், பழக்கம். இரண்டு பெட்ஸ்பேஸ் போட்டேன். "லேடிக்குக் கீழ்க்கட்டில்" என்று தனியாகக் குறிப்பும் எழுதினேன். கீழ்க்கட்டில் கிடைக்க எனக்கு இங்கே ஒன்பது வருஷம் ஆனது, அதை அவளுக்கு முதல் நாளே வாங்கிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் ஆம்பளைக்கு நாலாம் மாடி, பொம்பளைக்கு ஏழாம் மாடி, லிஃப்டும் வேறவேற. என் கார்டுக்கு அவள் மாடி திறக்காது. லிஃப்ட் வாசலில் நின்று, "இதுக்கா ஜப்பானுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். கதவு மூடிவிட்டது. நான் பொந்து மாதிரி இருந்த என் கட்டிலுக்குள் நுழைந்து வீடியோ கால் போட்டேன். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன். உடம்பு எப்டி?" "இருக்கு." இருபத்தாறு வருஷமாகப் பேசும் அதே பேச்சுத்தான். போனை வைத்தவள், வைத்ததுதான்.

ஆறு நாளில் அவள் சிரித்தது ஒரே தடவை. சந்தையில் ஒரு கடையில் காய்ந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தார்கள், எடுத்து மோந்து பார்த்து "அட, நம்ம மாசி!" என்றாள். அந்தச் சிரிப்பும் கடைக்காரருக்குத்தான், எனக்கில்லை.

ரூம் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். ஏன் மாற்ற வேண்டும்? கட்டின காசு திரும்ப வராது. சொன்ன பட்ஜெட்டில் போனேன், சொன்ன பட்ஜெட்டில் வந்தேன். ஒரு தப்பும் செய்யவில்லை, மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஹிஃப்ஸா கல்யாணம் முடியும்வரை இன்னும் நாலு வருஷம் இங்கேதான், அதிலும் மாற்றமில்லை. கலாஸ், பேச்சு முடிந்தது. இதை அவளிடம் கண்டிப்பான குரலில் சொல்லவும்.

மச்சிக்கு சலாம். ஹிஃப்ஸாவை போனைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கச் சொல்லவும். அல்லாஹ் நம் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பானாக.

இப்படிக்கு,
தன் முடிவில் உறுதியான
கௌஸ் முகைதீன்

பி.கு.: புதன்கிழமை. நேற்று இரவு மேலே உள்ளதை எழுதி முடித்து, ருக்கையா வந்திருக்கும்வரை வாடகைக்கு எடுத்த இந்தச் சின்ன வீட்டின் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். போனில் மெசேஜ் வந்தது. ருக்கையா. "சாப்டீங்களா?" பக்கத்து அறையில் இருந்துகொண்டு அனுப்பியிருக்கிறாள் மச்சான். நடுவில் ஒரு கதவுதான், அதற்குப் பூட்டுகூடக் கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று காலையில் முதலாளியிடம் போய் வேலையை விடுகிறேன் என்று விசா கேன்சல் கேட்டுவிட்டேன். ஒரு மாதம் நோட்டீஸ். அவள் டிக்கெட்டையும் ஒரு மாதம் தள்ளியாயிற்று. நான் எடுத்திருப்பது ஒருவழி டிக்கெட். இரண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில், தனிக் காசு கட்டித்தான். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன்.