பிட்டர்ன் வீட்டு ஆளாக நான் வைத்தியம் பார்த்துக்கொண்டது

அன்புள்ள தங்கை டெல்மாவுக்கு, வின்னிபெக்கிலிருந்து அண்ணன் ஹெக்டர் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே பஸ் ஏறிவிடுவாய். ஆகவே அந்த வரியை உன் விருப்பப்படி நிரப்பிக்கொள். ஏரியில் பனி இறுகிவிட்டதா? மாப்பிள்ளை பனியைத் துளைத்து வலை போடப் போகிறாரா? எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

விஷயம் என் கால். இடது பெருவிரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. சர்க்கரைக்காரன் கால் புண் எங்கே போய் முடியும் என்று உனக்குத் தெரியும். நம் பெரியப்பா ஒரு காலை இந்த நகரத்திலேயே விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் காலைக் காட்டினேன், அவர்கள் என் வாயை மோந்து பார்த்தார்கள். "எவ்வளவு குடிச்சிருக்க?" "டீதான், ரெண்டு கப்பு." நம் பூர்வகுடி முகத்தைப் பார்த்ததும் ஒரு காவலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைத் தவிர வேறு யாரும் வரவில்லை. சாயங்காலம் வரை அவனோடு ஹாக்கி பேசிவிட்டு நொண்டிக்கொண்டே வீடு வந்தேன். விரல் போனால் போகட்டும், இனி ஒரு ஆஸ்பத்திரி வாசலும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மாடி வீட்டு இவோன் விடவில்லை. நம்மவர்களே நடத்துகிற மருத்துவமனை ஒன்று பக்கத்தில் இருக்கிறதாம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. நம்மவர்கள் நடத்துகிறார்கள் என்றால் நம்மவர்கள் அத்தனை பேருக்கும் என் விரல் தெரிந்துவிடும் என்றுதானே அர்த்தம்? நான் வீடு சேர்வதற்குள் செய்தி உன் அடுப்படிக்கே வந்துவிடும். அதனால் பொய்ப் பெயர் சொல்வதென்று தீர்மானித்தேன். நாறினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு குடும்பப் பெயர் வேண்டும். அதிகம் யோசிக்கவில்லை. நம் படகு மோட்டாரை இரவல் வாங்கி ஏரியில் போட்டுவிட்டு, "பெரிய மீன் இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று சாதித்தார்களே, அந்த பிட்டர்ன் குடும்பம்.

உள்ளே போனால் எல்லாமே சந்தேகம். கண்ணாடித் தடுப்பு இல்லை. மூலிகைப் புகை வாசனை. எதை மறைக்கிறார்களோ என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கேட்காமலே டீ கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் குடித்து உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். மருத்துவ அட்டை கொண்டுவரவில்லை என்றதற்கு நர்ஸ் லோரெட்டா, "அது கெடக்கட்டும் மாமா" என்றாள். அட்டை கேட்காத இடத்தை எப்படி நம்புவது? பெயர் கேட்டாள், பிட்டர்ன் என்றேன். நம் ஆட்கள் பெயரோடு நிறுத்துவார்களா?

"எந்த பிட்டர்ன், மாமா? ஆத்தங்கரையா, ரயிலடியா?"

"ரயிலடி" என்றேன், குத்துமதிப்பாக.

"அட! அப்போ ஐரிஸ் பெரியம்மாவுக்குச் சொந்தமா? இங்க யாரையும் தனியா உட்கார வெக்க மாட்டோம். இருங்க, கூப்பிடுறேன்."

டாக்டர் பெண் என் காலுறையைக் கழற்றுவதற்குள் ஐரிஸ் பிட்டர்ன் ஒரு பானை மூஸ் மான்கறி சூப்போடு வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓ, எங்க வீட்டுல காணாமப்போன ஆளு இதுதானா? மோட்டாரு மோட்டாருன்னு கத்திட்டுத் திரிவானே ஒருத்தன், அவன் சாயல் அப்படியே இருக்கே."

"சாயல்தான்" என்றேன்.

"சரி, சூப்பக் குடி. எங்க ஆளுன்னு சொல்லிட்டல்ல, அப்படியே இரு."

டாக்டர் நிமிர்ந்து, "விரலக் காப்பாத்திடலாம், மாமா. ஆனா தினமும் கட்டு மாத்தணும், தனியா முடியாது. வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டாள். உன் அண்ணி மார்த்தா போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா?

"நான் இருக்கேன்" என்றாள் ஐரிஸ்.

எனக்கு இதுதான் மிகப் பெரிய சந்தேகம். எதற்காக இருக்கிறாள்? தினமும் வருகிறாள். "காலத் தூக்குய்யா, ரயிலடி பிட்டர்ன்" என்று அதட்டுகிறாள். சர்க்கரை டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். நான் கத்தினால் சிரிக்கிறாள். ஏதோ திட்டம் இருக்கிறது. ஆகையால் தங்கையே, அந்த இடத்தை நம்பாதே, அந்தக் குடும்பத்தை அதைவிட நம்பாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, கடிக்கிற அந்த நாய்க்கும் கொஞ்சம் ஆசி.

உன் அண்ணன்,
ஹெக்டர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அதற்குள் இது. புண் மூடிவிட்டது, விரல் தங்கிவிட்டது. மனசு கேட்காமல் இன்று லோரெட்டாவிடம் உண்மைப் பெயரைச் சொன்னேன். "ஐரிஸ் பெரியம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க மாமா. நீங்க எழுந்து ஓடிடக் கூடாதேன்னுதான் யாரும் வாயத் தொறக்கல" என்றாள். இனிமேல் கட்டு வேண்டாம், ஐரிஸ் தினமும் வர வேண்டியதில்லை என்றாள் டாக்டர். இன்னும் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.