கடைசியாக ஒரு சுற்று

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். உடம்பு முடியாத ஒருவரால் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுத முடியாது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, வண்டி மூவரும் சௌக்கியம். வண்டியை மூன்றாவதாகச் சொன்னது வயது வரிசையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிக்கப் வண்டியை விலை பேச ஆள் கூட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாருங்கள், அண்ணியையும் அழைத்து வாருங்கள். அந்த ஆள் வேண்டாம். வண்டி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் விற்க இரண்டு கையெழுத்து வேண்டும், என்னுடையது கிடைக்காது. "டீசல் வண்டியை வைத்துக் காப்பாற்றுவது உன்னால் ஆகாது, பேசாமல் பஸ்ஸில் போய் வேலையைப் பார்" என்று அறிவுரை சொல்லியிருக்கிறீர்கள். நான் செய்வது தண்ணீர்ப் பரிசோதனை. ஒரு பம்ப், ஒரு ஜெனரேட்டர், நாற்பது கேன் இவற்றோடு நான் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். வண்டி போனால் என் தொழிலும் அதோடு போய்விடும். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

இன்ஜின் முடியப்போகிறது என்று உங்களிடம் சொன்னவர் நம் மெக்கானிக் என்பது எனக்குத் தெரியும். அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, "ஆயில் தார் மாதிரி இருக்கு மேடம், தள்ளி விட்டுடுங்க" என்று என்னிடமும் சொன்னார். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றினாலும் சீக்கிரம் கறுத்துத்தான் போகும். கரிப்புகை அதில் கலக்கிறது. வண்டியோடு வரும் ஃபில்டர் முழு ஆயிலையும் நொடியில் கடத்திவிட வேண்டியிருப்பதால், பொடிக் கரியை அதனால் பிடிக்க முடியாது. பைபாஸ் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. அது ஓடுகிற ஆயிலில் மெல்லிய ஒரு தாரையை மட்டும் தனியே வாங்கி, அவசரப்படாமல் வடிகட்டி, மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும். ஊரார் தண்ணீரை எப்படி வடிகட்டுவது என்று சொல்லிப் பிழைக்கிற நான், என் வண்டியின் ஆயிலை வடிகட்டிப் பார்க்காமல் வண்டியை விற்பதா? வாங்கினேன். நானே பூட்டுவது என்றும் முடிவு செய்தேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரரின் போர்ட்டிகோவில்தான் வேலை. ஃபில்டரை எங்கே மாட்டுவது என்பதற்கே பாதி நாள் போயிற்று. உங்கள் மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க நல்லா இருக்கா? கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், சுவரில் படம் மாட்டுவது போல. அழகாகத் தெரிந்த இடத்தில் மாட்டியபோது பானெட் மூடவில்லை. கழற்றி, பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டினோம். வடிகட்டிய ஆயில் திரும்பி வருவதற்காக ஆயில் மூடியில் ஒரு துளை போட வேண்டியிருந்தது. "நல்ல மூடிம்மா," என்றார் இவர். பிறகு ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மூன்று வாய் உள்ள ஒரு பித்தளை ஜாயின்டைப் பூட்டி, ஒரு வாயில் ஸ்விட்சையும் இன்னொன்றில் ஃபில்டருக்கு ஆயில் போகும் ஹோஸையும் இணைத்தேன். பித்தளை மிருதுவான உலோகம். கையால் இறுக்கி, ஸ்பேனரால் ஒரு சுற்று, அத்தோடு விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது.

திரும்பி வந்தபோது இவர் கையில் ஸ்பேனர். "நல்லா இறுக்கினியா?" "இறுக்கிட்டேன்." "இல்ல, எதுக்கும் இருக்கட்டும்னு கடைசியா ஒரு சுற்று வச்சேன்." அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் குத்திய முத்திரையின் மேலேயே இன்னொரு முறை குத்துகிறவர் இவர், வேறு எப்படி இருப்பார்? அதற்குள் வீட்டுக்காரர் வந்து, தரையெல்லாம் ஆயில் என்று குறைபட்டார். குறைபட்டபடியே குனிந்து பார்த்தவர், "லேடீஸ் கை பாருங்க, அழுத்தம் பத்தாது," என்று அவர் பங்குக்கு ஒரு சுற்று வைத்தார். சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்த மெக்கானிக்கும் சும்மா போகவில்லை. "நகருங்க மேடம், ஒரே ஒரு டச்." மூன்று பேருமாகச் சேர்ந்து, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார்கள். பண்ணினேன். ஜாயின்ட் வெடித்தது. வீட்டுக்காரர் போன மாதம் அடித்த இளமஞ்சள் சுவரில், ஆளுயரத்துக்கு, கறுப்பாக, பீச்சாங்குழலால் அடித்தது மாதிரி ஆயில். நான் இன்ஜினை அணைத்து முடிப்பதற்குள் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நான் லேசாத்தான் திருப்பினேன்."

வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "முதல்லயே சரியா இறுக்கியிருந்தா இந்த வம்பே இல்லம்மா," என்றார். அப்போது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது அண்ணா. சின்ன வயதில் நான் வீட்டைப் பூட்டிய பிறகு, தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். ஒருநாள் தாழ்ப்பாள் உங்கள் கையோடு வந்துவிட்டது. சரியாகப் பூட்டாததற்கு அடி வாங்கியது நான். இந்த முறை அடி வாங்குவதாக இல்லை. இன்னொரு ஜாயின்ட் வாங்கி வந்து, போர்ட்டிகோ கேட்டை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பூட்டினேன். கையால் இறுக்கி ஒரு சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனரை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தப் பூட்டையும் இவர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டி ஓடுகிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. சத்தம் குறைந்தது, சக்தி கூடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படி எதுவும் என் காதுக்குத் தெரியவில்லை. ஆனால் அளவுக் கம்பியை உருவினால் ஆயிலுக்குள் கம்பியின் அளவுக் கோடு தெரிகிறது. மெக்கானிக் அதைத் தொட்டுப் பார்த்து, "வேற ஆயில் ஊத்தினீங்களா?" என்றார். "அதே ஆயில்தான்." "அதே ஆயிலா?" "அதேதான்." நம்பாமல் இன்னொரு தடவை உருவிப் பார்த்தார். பார்க்கட்டும். இழுத்துப் பார்ப்பதும் திருகிப் பார்ப்பதும் உங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி. இருக்கிறதை இருக்கிறபடி விட்டால் அது பாட்டுக்கு வேலை செய்யும் என்ற நம்பிக்கை உங்களில் ஒருவருக்கும் கிடையாது. எனக்கு இருக்கிறது. அதனால்தான் வண்டி என்னிடம் இருக்க வேண்டும் என்கிறேன். பார்க்க வருகிறவரிடம் வேறு வண்டி தேடிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு வணக்கம், கோபம் குறையாமல்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியாயிற்று. தபாலில் சேர்க்கப் போகும் வழியில் வண்டியைத் தாண்டித்தானே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் பானெட்டைத் திறந்து குடைவீர்கள், உங்கள் முன்னால் ஒழுகித் தொலைக்கக் கூடாதே என்று தோன்றியது. பீரோவைத் திறந்து ஸ்பேனரை எடுத்து வந்தேன். கால் சுற்றுகூட இருக்காது. லேசாகத்தான் திருப்பினேன். ஜாயின்ட் இரண்டு துண்டாக என் கையில் இருக்கிறது. உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். ஞாயிறு வரை, நீங்கள் சொன்னபடியே, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். கையெழுத்து அப்போதும் கிடையாது. வரும்போது அந்தப் பித்தளை ஜாயின்ட் வாங்கி வாருங்கள். இரண்டாக வாங்குங்கள். ஒன்று பூட்ட. இன்னொன்று, அதன்பிறகு நம் இருவரில் யார் கை சும்மா இருக்காது என்று இப்போதே சொல்ல முடியாததால்.