எல்லாம் துரைக்காகத்தான்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தனக்கென்று எதுவுமே வேண்டாத இனம். துறவிகளைச் சொல்லவில்லை, அவர்களுக்காவது மோட்சம் வேண்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்திறங்கும் பெரிய டிவி அம்மாவின் கண்பார்வைக்காக, மாற்றுகிற கார் பிள்ளைகள் காலை நீட்டிக்கொள்வதற்காக, இரண்டாவது தடவை கேட்டு வாங்கும் ஐஸ்கிரீம் பரிமாறுகிறவர் மனசு நோகக் கூடாதே என்பதற்காக. "எனக்கென்னங்க, எதுவா இருந்தா என்ன? அவங்களுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தின் அடியை வழித்துவிடுவார்கள். அப்படி யாரையும் உங்களுக்குத் தெரியாது என்கிறீர்களா? சரி, ஒருவரை அறிமுகம் செய்து வைக்கிறேன்.

இவர் காது மெஷின்காரர். கடைத்தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவே இவருடைய கடை. உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே இருந்து பொத்தானை அமுக்குவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வருகிறவர்களில் இவருக்கு ரொம்பப் பிடித்தவர்கள், பொத்தானைத் தொடாதபோதே கையைத் தூக்குகிறவர்கள். "கேக்கணும்னு இருக்கிற ஆசையிலேயே அவங்களுக்குக் கேட்டுடுதும்மா!" என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இவர் வீட்டில்தான் துரை இருக்கிறான். துரை ஒரு வேட்டை நாய். மோப்பம் பிடித்து அலைகிற வகை இல்லை, கண்ணால் கண்டதைத் துரத்துகிற வகை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பைத் தேட வேண்டும். முகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மூக்கு மட்டும்தான், அது அறைக்குள் வந்து சற்று நேரம் கழித்துத்தான் மற்ற உடம்பு வரும். மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் ஒரே நிமிஷம், ஆளையே பார்க்க முடியாது. நாளில் மீதமுள்ள நேரமெல்லாம் சோபா. நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிக்கொண்டு, யார் வந்தால் எனக்கென்ன என்று கிடப்பான். "துரை எந்திரிச்சாச்சா?" என்று மனைவி தினமும் காலையில் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த துரைக்குக் குறை எங்கிருந்து வந்தது? மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மனைவி ஒரு வார்டுக்கே பொறுப்பாகி, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மெஷின்காரர் ஐந்துக்குக் கடையைப் பூட்டுகிறவர். ஐந்திலிருந்து எட்டு வரை அந்த வீட்டில் பிரிட்ஜ் ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் அவர் கண்டுபிடித்தார்.

"துரை ரொம்பத் தனியா இருக்கான்மா."

"யாரு?"

"துரைதான்."

"அவன் தூங்கிட்டில்ல இருக்கான்?"

"மனசு சரியில்லன்னா அப்படித்தான் தூக்கம் வரும்."

அன்றிலிருந்து துரை எது செய்தாலும் சாட்சியாகிவிட்டது. பெருமூச்சு விட்டால் ஏக்கம். கொட்டாவி விட்டால் ஏக்கத்தை மறைக்கிறான். ஜன்னலைப் பார்த்தால் யாராவது வருவார்களா என்று பார்க்கிறான், ஜன்னலைப் பார்க்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டான், பாவம்! தட்டை நக்கிக் காலி செய்தால் துக்கத்தில் தின்கிறான். மகள் வீடியோவில் வந்து, "அப்பா, நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டால், "எனக்கென்னடா கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன். துரையத்தான் பாக்க முடியல" என்பார். அவருக்குப் பின்னால் துரை மல்லாந்து கிடந்து குறட்டை விடுவது மகளுக்கு நன்றாகத் தெரியும்.

மனைவி பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, பொத்தானை யாருமே அமுக்கல. நீங்க கையத் தூக்கிட்டு நிக்கிறீங்க" என்று ஒரு நாள் சொல்லியும் பார்த்தாள். ஊரார் காதையெல்லாம் அளந்து சொல்கிறவருக்கு அது மட்டும் கேட்கவில்லை.

ஆக, துரைக்குத் துணை தேடுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை துரையைச் சோபாவிலிருந்து பெயர்த்தெடுத்துக் காரில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, கைவிடப்பட்ட நாய்களை வைத்துக் காக்கும் காப்பகத்துக்குப் போனார். அதை நடத்துகிற அம்மாள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு வந்தாள். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

"இந்த மாதிரி நாய்க்குத் துணைன்னா உசரம் ஒத்துப்போகணும், பொட்டையா இருந்தா நல்லது, மேல விழுந்து புரளாத குணமா இருக்கணும். பத்து நாள் வச்சுப் பாருங்க, நானே வந்து பாப்பேன். உங்க நாய் ஏத்துக்கலைன்னா திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன், சரிங்களா?"

தலையாட்டிவிட்டுப் படிவத்தை வாங்கினார். 'எதற்காக?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'துரைக்குத் துணையாக' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

முதலில் வெள்ளையாகப் புசுபுசுவென்று ஒரு குட்டை நாய் வந்தது. துரையின் காது இரண்டும் எழும்பின. கழுத்து நீண்டது. முன்னங்கால் ஒன்று தரையை விட்டு மேலே வந்தது.

"பாருங்கம்மா, எவ்வளவு பாசமா பாக்குறான்!"

"சார், அது பாசமில்ல. முயல்னு நெனச்சுட்டான். கயித்த இறுக்கிப் பிடிங்க!"

அடுத்தது கறுப்பாக, தோள் அகன்ற பயல். அவனுக்கு விளையாட்டு என்றால் ஓடி வந்து இடிப்பதுதான். துரை மெஷின்காரருக்குப் பின்னால் போய் மூக்கை அவர் முழங்கால் மடிப்பில் ஒளித்துக்கொண்டான்.

"வெக்கப்படுறான்" என்றார்.

"பயப்படுறான் சார். இவங்களுக்குத் தோல் காகிதம் மாதிரி. இவன் ஒரு இடி இடிச்சா தையல் போடணும்."

மூன்றாவதாக வந்தவள் துரையின் வகையே. அதே ஒல்லி, அதே மூக்கு, அதே அலட்சியம். காப்பகத்துக்கு வெளியே தெருவில் இரண்டையும் கொஞ்ச தூரம் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தன, வந்தன, நிழல் பார்த்து ஆளுக்கொரு பக்கம் படுத்தன. அம்மாள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"இதைவிட நல்ல ஜோடி அமையாது சார். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாது."

மெஷின்காரர் படுத்திருந்த இரண்டையும் பார்த்தார். சோபாவில் ஒன்று தூங்கும், கம்பளத்தில் ஒன்று தூங்கும். ஐந்திலிருந்து எட்டு வரை பிரிட்ஜ் பேசும்.

"துரைக்கு ஒட்டலம்மா" என்றார். "அவன் முகத்தப் பாத்தாலே தெரியுது."

துரையைக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினார். பின் சீட்டில் சாய்ந்த மறுகணம் அவன் தூங்கிவிட்டான். மனைவியை அவனுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு, மறந்துவிட்ட குடையை எடுக்க மெஷின்காரர் உள்ளே திரும்பினார். அங்கேதான் இன்னொருத்தி வந்தாள். பழுப்பு நிறம், ஏழு வயசு, என்ன இனம் என்று எந்தப் புத்தகத்திலும் தேட முடியாத கலப்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். ஒரு வருஷமாக யாரும் கேட்காதவளாம். வாய் மட்டும் மூடவில்லை. 'ஊவ், உர், ஊவூவ்' என்று கேள்வி கேட்கிற தோரணையில் பேசிக்கொண்டே பின்னால் வந்து, அவர் குடையை எடுக்கக் குனிந்ததும் காலில் சாய்ந்துகொண்டாள். இவரும் ஏதோ பதில் சொன்னார். அவள் மறுத்துப் பேசினாள். கால் மணி நேரம் ஆயிற்று.

"துரைக்கு இவளைத்தான் புடிச்சிருக்கு" என்றார்.

"சார், துரை கார்ல தூங்குறார்."

"அவன் மனசு எனக்குத் தெரியாதாம்மா?"

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

மனைவி முதல் நாளே அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்துவிட்டாள். துரை என்ன செய்தான்? முதல் மூன்று நாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நாலாம் நாள் வாயாடி சோபாவில் ஏறி, அன்றைய சமாச்சாரம் எல்லாவற்றையும் அவன் காதில் ஓதினாள். ஒரே ஒரு உறுமல். இறங்கினான். மகளின் அறைக்குப் போய் அவள் கட்டிலில் படுத்தவன், சாப்பாட்டுக்கும் நடைக்கும் தவிர வெளியே வரவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு நாய் எப்படிச் சொல்லும்? ஆனால் மெஷின்காரர் கண்டாரா! ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் வாயாடி வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிடுவாள். இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் யார் யார் வந்தார்கள், யாருக்கு எந்தக் காது என்று சொல்லியாக வேண்டும். ஆறாம் நாளிலிருந்து கடையை நாலே முக்காலுக்கே பூட்டினார். சாவி போடுகிறவர் ஏன் என்று கேட்டதற்கு, "துரை காத்துட்டிருப்பான்" என்றார்.

பத்தாம் நாள் வந்தது. காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயாடிக்குப் பக்கத்தில் பிஸ்கட்டுகளை வரிசையாக வைத்துத் துரையைக் கூப்பிட்டார். துரை வந்தான், எல்லாவற்றையும் தின்றான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுபடி வைத்தார். மறுபடி அதே கதை. மூன்றாம் தட்டு காலியானபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"துரை எங்க சார்?"

"உள்ள இருக்கான்மா. அவளுக்கு மரியாதை குடுத்து ஒதுங்கியிருக்கான்."

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கிறதே இல்லையா?"

மெஷின்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப துரை ஏத்துக்கலைன்னு எழுதிக்கட்டுமா சார்?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் பையிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

கயிற்றைப் பார்த்ததும் வாயாடி பேச்சை நிறுத்தினாள். வந்த நாள் முதல் நிற்காத வாய் அது. மெஷின்காரரின் காலுக்குப் பின்னால் போய், சத்தமே இல்லாமல் நின்றுகொண்டாள். வீடு அமைதியானது. பிரிட்ஜ் பேச ஆரம்பித்தது.

"வேணாம்மா" என்றார். "துரை எதுவும் கேக்கல. அவன் என்னைக்குமே கேக்கல. எனக்குத்தான்மா. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்தா ஒருத்தரும் இல்ல. எனக்குத்தான் இவ வேணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'எனக்கு வேணும்' என்று அவர் சொல்லி மனைவி கேட்டதில்லை. மளமளவென்று அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாளோ மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள், துரை நிம்மதியாக மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள், கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"சண்டை இல்ல, ஆளுக்கொரு இடம் இருக்கு, போதும். சோபாவ மட்டும் துரைக்கே விட்டுடுங்க. அன்னைக்கே 'எனக்கு'ன்னு எழுதியிருந்தா துரையத் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்க வேணாமே சார்!"

படிவத்தை நீட்டினாள். அவர் 'துரைக்குத் துணையாக' என்பதை அடித்துவிட்டு, 'எனக்கு' என்று எழுதினார்.

அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே கூண்டில் உட்கார்ந்தவரிடம், "ரெண்டாவது நாயா? நம்ம துரைக்காகத்தான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னொரு சோபா வந்தது, வாயாடிக்காக. அதில் முக்கால்வாசி இடத்தில் இவர்தான் சாய்ந்திருக்கிறார். மனைவியைக் கேளுங்கள். "எனக்கு ஒரு நாயே அதிகம். அவருக்காகத்தான் சரின்னேன்" என்பாள். அப்படிச் சொல்கிறவள் இப்போதெல்லாம் எட்டு மணிக்கு வருவதில்லை. ஆறரைக்கே வந்து, வாயாடியின் மடிந்த காதைத் தடவிக்கொண்டு வார்டில் நடந்ததையெல்லாம் கொட்டுகிறாள். அதுவும் வாயாடிக்காகத்தானாம். துரைக்கு இதிலெல்லாம் சம்பந்தமில்லை. அவனுடைய பழைய சோபா அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இப்போது உங்களிடம் வருவோம். ஹெட்போன் எல்லாம் வேண்டாம், சாதாரணமாகவே கேட்கிறேன். இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

அட, ஒருவரும் இல்லையா? நல்லது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'இது அப்படியே நம்ம மச்சானைச் சொன்ன மாதிரி இருக்கே, அவர் படிக்கட்டும், அவர் நல்லதுக்குத்தான்' என்று இந்தப் பக்கத்தை மடித்து வைத்தீர்களே, அந்தக் கை யாருடையது?