பொம்மைக்குப் பூசிய சந்தனம்

"இந்தச் சந்தனத்த எந்தப் புண்ணியவான் அப்புனது?" என்று கத்தினார் டாக்டர் முத்தப்பன்.

"நீங்கதான் சார். ஆயுத பூசைக்கு," என்றாள் நர்ஸ் நபீஸா.

காரைக்குடியை ஒட்டிய ஒரு மருத்துவக் கல்லூரியின் அறுவைப் பயிற்சிக்கூடம் அது. அங்கே ஆள் உயரத்தில், தொந்தியும் தொப்பையுமாக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இதயம் துடிக்கும். பொத்தானை மாற்றினால் வேண்டிய நோயின் சத்தம் கேட்கும். மாணவர்கள் தொட்டுப் பழகத்தான் வாங்கினார்கள். துறைத்தலைவர் முத்தப்பனோ அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தொட்டால் தேய்ந்துவிடுமாம்! பெட்டி திறப்பது ஆயுத பூசைக்கு மட்டும். நெற்றிக்கு விபூதி, நெஞ்சுக்குச் சந்தனம். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் கண்ணாடி வழியே தரிசனம் பண்ணி டாக்டராகிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஸ்பீக்கர் துளைகளில் சந்தனம் இறுகி இதயம் நின்றுவிட்டது. கூடத்தை ஆய்வு செய்யச் சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்துகொண்டிருந்தார். கூடம் தேறாவிட்டால் முத்தப்பனுக்கு வரவிருந்த டீன் நாற்காலி அம்பேல்.

"ஈரத்துணியப் போட்டுத் தொடைங்க!"

துடைத்தார்கள். சந்தனம் கரைந்து இன்னும் உள்ளே போனது.

"ஸ்பிரிட்ட ஊத்துங்க!"

ஊற்றினார்கள். சாயம் போய் நெஞ்சு உரித்த பனங்கிழங்கு மாதிரி ஆனது.

"ஹாஸ்டல்ல முடி காயவைக்கிற மிசின் இருக்கும்ல? வாங்கியாங்க!"

சூடு பட்டதும் ரப்பர் இளகி, நெஞ்சு குழி விழுந்தது.

"முடிஞ்சுபோச்சு சார்," என்றாள் உதவி டாக்டர் சாலா.

"என்னத்த முடிஞ்சுச்சு? பொம்மைக்குப் பதிலா ஒரு ஆளப் படுக்கவைப்போம். மொகத்துக்கு மாஸ்க், தலைக்குத் தொப்பி, மேல பச்சைத்துணி. எவனுக்குத் தெரியப்போவுது?"

"பொம்மையோட போட்டோவ அவுகளுக்கு அனுப்பிட்டமே சார்! இம்புட்டுத் தொப்பைக்கு ஆளத் தேடி எங்குட்டுப் போறது?"

சொல்லிவிட்டு சாலா தலையைத் திருப்பினாள். நபீஸாவும் அதே பக்கம்தான் பார்த்தாள்.

"எங்க பாக்குறீக ரெண்டு பேரும்?" என்று முத்தப்பன் சட்டைப் பொத்தானை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் நாற்காலி ஆசை யாரை விட்டது? கொஞ்ச நேரத்தில் பெரிய மனிதர் மேஜையில் மல்லாந்து கிடந்தார்.

ஆய்வாளர் வந்தார்.

"துறைத்தலைவர் எங்கே?"

"பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்காக சார். ஆய்வு நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கிட," என்றாள் சாலா, கூசாமல்.

அவர் 'பொம்மை'யின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். புருவம் சுருங்கியது.

"அடடே! இதய வால்வுக் கசிவு! எவ்வளவு தத்ரூபமா இருக்கு! இந்த நோயை நீங்கதான் வச்சீங்களா?"

"ஆமா சார்," என்றாள் சாலா. பிரசவ வலியா என்று கேட்டிருந்தாலும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பாள்.

மாணவர்களைக் கூப்பிட்டார். பாவம், முதல் தடவையாகத் தொடக் கிடைத்த குஷியில் ஆளாளுக்கு மொய்த்தார்கள்.

"துடிப்புக்கு நடுவுல உஷ்ஷுன்னு கேக்குது சார்!"

"முத்திப்போன கேசு சார்!"

"இந்தாளு மாடிப்படி ஏறவே கூடாது சார்!"

ஆய்வாளர் பூரித்துப்போனார். "இவ்வளவு தெளிவான பசங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கூடம் பாஸ்!" என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

மாஸ்க்கைப் பிய்த்தெறிந்துவிட்டு முத்தப்பன் குதித்து இறங்கினார். கொஞ்சம் மூச்சு வாங்கியது. சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

"பாத்தீகளா? ரப்பருக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத கூமுட்டை! இவனெல்லாம் ஆய்வு பண்ண வந்துட்டான்! சாலா, எல்லாருக்கும் ஸ்வீட் சொல்லும்மா, டீன் செலவு!"

சாலாவும் சேர்ந்து சிரித்தாள். நபீஸா மட்டும் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இல்ல சார்... பொம்மைன்னா பொத்தான அமுக்கி நோவ வைக்கலாம். உங்களுக்கு யாரு சார் வச்சா?"