நீச்சல் குளத்தில் தலைமையாசிரியர்

நக்கோன் சவான்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய லமியாட் அக்காவுக்கு, தம்பி சங்குவான் தலை தாழ்த்தி வணங்கி எழுதுவது. நானும் என் மனைவி புவாலாயும் நலம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அறுபத்து மூன்று வயதில் இவனுக்கு எதற்கு நீச்சல் என்று போனில் சிரித்தாயாம். சிரி. போன அக்டோபர் வெள்ளத்தில் படகு ஏறும்போது புவாலாய் தவறி விழுந்தாள். நான் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். மீன்காரி குதித்து அவளைத் தூக்கினாள். இனிமேல் நான் கம்பத்தைக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் யார் தெரியுமா? ரஞ்சுவான். ஆற்றில் குதித்துவிட்டு ஈரத்தலையோடு பள்ளிக்கு வருகிறாள் என்று நான் தினமும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த அதே பெண். முதல் நாளே நான், "ஏம்மா, மூச்சுப் பயிற்சியை முதல்ல நடத்தணும், பாடத்திட்டம் எங்கே?" என்று கேட்டேன். அவள் கைகூப்பிவிட்டு, "ஐயா, அன்னிக்கு என்னை வெளியே நிக்க வெச்சீங்க. நான் உங்களை உள்ளே நிக்க வைக்கிறேன், இடுப்பளவு தண்ணியில" என்றாள். மூன்று வாரம் நின்றேன் அக்கா. காலை உதைக்க வேண்டும் என்று அவள் சொன்னால் நான் காரணம் கேட்டேன், மூச்சைப் பிடி என்றால் யோசனை சொன்னேன், சொல்லும்போதே வாய்க்குள் தண்ணீர் போய் முழுகினேன், என்னைச் சுற்றி ஆறு வயதுப் பிள்ளைகள் தவளைபோல நீந்தின.

வீட்டில் புலம்பியபோது புவாலாய், "ஏங்க, முப்பத்தாறு வருஷம் குருவணக்க நாள்ல பிள்ளைங்க கையால பூத்தட்டு வாங்கினீங்களே, ஒரு நாள் நீங்க குடுத்தா கை உதிர்ந்துடுமா?" என்றாள்.

கை உதிரவில்லை. இன்று காலை அறுகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ எல்லாம் தட்டில் வைத்து, அரைக்கால் சட்டையோடு, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் குளக்கரையில் மண்டியிட்டேன். "டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக்குடுங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதே. "ஐயோ, எழுந்திருங்க ஐயா!" என்று அவளும் மண்டியிட்டாள். ஆசிரியருக்குக் கீழேதானே மாணவன் தலை இருக்க வேண்டும்? நான் குனிந்தேன். அவள் இன்னும் குனிந்தாள். நான் விடுவேனா, நெற்றியை ஈரத்தரையில் வைத்தேன், வழுக்கித் தலைகீழாகக் குளத்துக்குள் போய்விட்டேன். "மூச்சைப் பிடிங்க! காலை உதைங்க!" என்று குரல் கேட்டது. கருத்துச் சொல்ல நேரமில்லை. சொன்னபடி செய்தேன். மிதந்தேன் அக்கா! கூட வந்திருந்த புவாலாய் கரையில் நின்று அழுதாள்.

ஆகவே, கற்பிப்பவர் முன் வாயை மூடிக்கொள்ளும் பணிவு எனக்கு முழுமையாக வந்துவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

உன் தம்பி,
சங்குவான்

பி.கு.: மாலையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் புதிதாகச் சேர வந்தார். டீச்சர் வருவதற்குள் நானே அவருக்கு மிதக்கச் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் வந்து, முழுகிக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அவர் இன்னும் என்னை "குருவே" என்றுதான் கூப்பிடுகிறார். நான் மறுக்கவில்லை.